கேட்டபின் தீர்ப்புச் சொல்வோம்

 

ஆண்டின் கடைசி மாதம் பிறந்துவிட்டால் நம் பிள்ளைகளின் கைப்பேசிகளில் பட்டியல்கள் வந்து குவியத் தொடங்கிவிடுகின்றன. இந்த ஆண்டின் சிறந்த பத்துப் பாடல்கள், சிறந்த இசைத்தொகுப்பு, சிறந்த இசையமைப்பாளர் என்று எத்தனையோ பட்டியல்கள்! அவற்றைப் பார்த்தவர்கள் சும்மா இருப்பதில்லை. "இவருக்கு முதலிடமா? அவர் எங்கே போனார்?" என்று வாதம் தொடங்கிவிடுகிறது. வீட்டின் உணவு விரிப்பில் தொடங்கும் வாதம் தெருமுனைக்குப் போகிறது. தெருமுனையில் தொடங்கும் வாதம் வீட்டுக்குள் வருகிறது.

வடசென்னையின் காசிமேட்டுப் பகுதியை அறிந்தவர்களுக்கு இத்தகைய வாதங்கள் புதியவை அல்ல. விடியற்காலையில் மீன் ஏலம் முடிந்து, பனிக்கட்டி நிரப்பிய பெட்டிகள் வண்டியேறிய பிறகு, தேநீர்க் கடைகளில் ஆற அமரப் பேச நேரம் கிடைக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். கைகள் கிழிந்த வலையைச் சீர்செய்துகொண்டிருக்கும். வாய்களோ இளையராஜாவா, ரகுமானா என்று வழக்காடிக்கொண்டிருக்கும். ஒலிநாடாக் காலத்தில் தொடங்கிய இந்த வழக்கு, ஒலிநாடாவே மறைந்துவிட்ட பின்பும் முடியவில்லை. பெயர்கள் மட்டும் காலத்துக்கேற்பக் கூடிக்கொண்டே போகின்றன.

இசை கூடுமா, கூடாதா, எந்த அளவுக்குக் கூடும் என்பதில் நம் மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. இந்தப் பத்தி அதற்குள் புகவில்லை. அதனை அறிந்தோரிடம் கேட்டுத் தெளிக. நாம் இங்கே பேச விரும்புவது, வாதம் செய்யும் மனத்தைப் பற்றி. பாட்டைப் பற்றிய வாதம் சிறிய வாதம்தான். ஆனால் சிறிய வாதத்தில் நேர்மை தவறிப் பழகிய நாவு, பெரிய வாதத்தில் மட்டும் நேர்மையாகப் பேசிவிடுமா? எண்ணிப் பாருங்கள்.

"உங்க ஆளு" என்னும் சொல்

இத்தகைய பேச்சில் திடீரென்று ஒரு சொல் வந்து விழுவதுண்டு. "அவரு உங்க ஆளு, அதனாலதானே நீ இப்படிப் பேசுறே!" ரகுமானைப் புகழும் முஸ்லிம் இளைஞனைப் பார்த்து அவன் நண்பனே இப்படிக் கேட்டுவிடுகிறான். அதுவரை மெட்டைப் பற்றியும் தாளத்தைப் பற்றியும் நடந்த பேச்சு, அந்த ஒரு சொல்லோடு வேறு பாதையில் திரும்பிவிடுகிறது. கேட்டவனுக்குக் கோபம் வருகிறது. சொன்னவனுக்கு உள்ளூர வருத்தம். ஆனாலும் சொன்ன சொல்லை விட்டிறங்க மனமில்லை. பல ஆண்டுகள் ஒரே தெருவில் வளர்ந்த நட்பில் ஒரு கீறல் விழுகிறது.

அப்படிக் கேட்பது தவறு என்று சொல்லிவிடுவது எளிது. அதைவிடக் கடினமான கேள்வி ஒன்று நமக்கு இருக்கிறது. அந்தக் குற்றச்சாட்டில் உண்மையே இல்லையா? அல்லா ரக்கா ரகுமான் என்னும் பெயர் நம் பெயர்களுள் ஒன்றாக ஒலிப்பதால் மட்டும் அவர் பாட்டுக்கு ஒரு மதிப்பெண் கூட்டிப் போடுகிறவர்கள் நம்மில் இல்லையா? அவ்வாறே, இன்னொருவர் நம்மவர் அல்லர் என்பதால் அவர் இசையைக் கேளாமலே ஒதுக்குகிறவர்கள் இல்லையா?

உங்களுக்கே, உங்கள் பெற்றோருக்கே, உறவினருக்கே பாதகமாக இருந்தாலும் நீதியில் நிலைத்து நின்று சாட்சி சொல்ல வேண்டும் என்று அந்நிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. நீதிமன்றக் கூண்டில் ஏறும்போது மட்டும் நினைக்க வேண்டிய கட்டளை அன்று அது. தேநீர்க் கடையின் பலகையில் அமர்ந்து ஒருவரை உயர்த்தியும் ஒருவரைத் தாழ்த்தியும் பேசும்போதும் நாம் சாட்சிகளே.

ஒரே ஆண்டு, மூன்று ஒலிநாடாக்கள்

இந்த வழக்குக்கு மூலமான ஆண்டு 1992. அந்த ஆண்டைச் சற்றே திரும்பிப் பார்ப்போம்.

அவ்வாண்டு ஜூன் மாதம் 'அண்ணாமலை' வந்தது, இசை தேவா. ஆகஸ்ட் 15 அன்று 'ரோஜா' வந்தது. 25 வயதே ஆன ஏ.ஆர். ரகுமானுக்கு அது முதல் தமிழ்த் திரைப்படம். தீபாவளிக்குத் 'தேவர் மகன்' வந்தது, இசை இளையராஜா. நம் நாட்டில் அக்காலத்தில் இசைத்தொகுப்பு என்றாலே பெரும்பாலும் திரைப்பட ஒலிநாடாதான். ஆகவே அந்த ஆண்டின் சிறந்த தொகுப்பு எது என்னும் கேள்விக்கு இம்மூன்றும் மக்கள் முன் நின்றன.

மூன்றும் மூன்று வகை. 'தேவர் மகன்' மண்ணின் மணம் வீசும் மெட்டுகளைப் பல வாத்தியக்காரர்கள் கூடி வாசித்த நிறைவோடு தந்தது. 'ரோஜா' கணினியும் மின்னணு இசைக்கருவிகளும் கொண்டு, வீட்டை ஒட்டி அமைத்த சிறிய ஒலிப்பதிவுக் கூடத்தில் உருவான புதிய ஒலியைத் தந்தது. 'அண்ணாமலை'யோ பால்காரர் முதல் பட்டறைத் தொழிலாளி வரை எல்லாரும் உடன் பாடக்கூடிய துள்ளலைத் தந்தது. வடசென்னைத் தெருக்களின் கானாவைத் திரையில் பரவலாக ஒலிக்கச் செய்தவர் தேவா என்பதை மறுப்பதற்கில்லை.

'ரோஜா' படத்தின் கதையைக் குறித்து நம் சமுதாயத்தில் மனக்குறை எழுந்ததும், 1995இல் வந்த 'பம்பாய்' படத்தைக் குறித்து அது எதிர்ப்பாகவே வெடித்ததும் வாசகர்கள் அறிந்தவையே. கதையின் மீதுள்ள குறையை இசையின் மீது ஏற்றாமலும், இசையின் இனிமையைக் காட்டிக் கதையின் குறையை மறைக்காமலும் பேசுவதற்குப் பக்குவம் வேண்டும். அன்று அந்தப் பக்குவத்தோடு பேசியவர்களும் நம்மிடையே இருந்தார்கள்.

எதிராக விழுந்த ஒரு வாக்கு

அவ்வாண்டுத் திரைப்படங்களுக்கான தேசிய விருதுத் தேர்வுக் குழுவுக்குத் தலைவராக இருந்தவர் இயக்குநர் பாலு மகேந்திரா. சிறந்த இசையமைப்பாளர் யார் என்பதில் குழுவின் வாக்குகள் ரகுமானுக்கும் இளையராஜாவுக்கும் சமமாகப் பிரிந்தன. முடிவு தலைவரின் வாக்கில் வந்து நின்றது.

இப்போது அந்த மனிதரின் நிலையை எண்ணிப் பாருங்கள். 1980இல் வந்த 'மூடுபனி' தொடங்கி அவருடைய பெரும்பாலான படங்களுக்கு இசையமைத்தவர் இளையராஜா. 'மூன்றாம் பிறை', 'வீடு' என்று மக்கள் நெஞ்சில் நின்ற படங்கள் அந்தக் கூட்டில் பிறந்தவை. தொழிலில் துணை, நெஞ்சுக்கு நெருங்கிய நண்பர். எதிரில் நிற்பவரோ அப்போதுதான் முதற்படியில் கால் வைத்த இளைஞர். பாலு மகேந்திராவின் வாக்கு அந்த இளைஞருக்கு விழுந்தது. ரகுமானுக்கு முதல் தேசிய விருது கிடைத்தது.

அந்தத் தீர்ப்புச் சரியா, தவறா என்று இன்றும் வாதிடலாம். 'தேவர் மகன்' பக்கம் நின்று வாதிடுவோரிடம் வலுவான காரணங்கள் உண்டு. அப்படத்தில் பாடிய எஸ். ஜானகிக்கு அதே ஆண்டு சிறந்த பின்னணிப் பாடகி விருது கிடைத்தது என்பதையும், 'ரோஜா'வுக்குப் பாட்டெழுதிய வைரமுத்துவுக்குச் சிறந்த பாடலாசிரியர் விருது கிடைத்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இரண்டு தொகுப்புகளும் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருங்கி நின்றன என்பது விளங்கும்.

நாம் கற்க வேண்டியது அந்தத் தீர்ப்பின் முடிவில் இல்லை. அது வழங்கப்பட்ட முறையில் இருக்கிறது. தீர்ப்புச் சொல்லும் இடத்தில் அமர்ந்தபோது அவர், "என் ஆள்" யார் என்று பார்க்கவில்லை. தன் நண்பருக்கு எதிராக வாக்களித்தார்.

அதன்பின் என்ன நடந்தது? நட்பு முறிந்ததா? இல்லை. 1993இல் 'மறுபடியும்', 1995இல் 'சதிலீலாவதி', கடைசியாக 2013இல் 'தலைமுறைகள்' என்று அவர் படங்களுக்கு இளையராஜாவே தொடர்ந்து இசையமைத்தார். 2014 பிப்ரவரியில் பாலு மகேந்திரா மறையும் வரை அந்தக் கூட்டு நிலைத்தது. விருதை இழந்தவர் வாக்கை மனத்தில் வைத்து விலகவில்லை, வாக்களித்தவரும் விலகவில்லை. ஆனால் அவ்விருவரின் பெயரால் நம் தெருக்களில் எத்தனை பேச்சு வார்த்தைகள் நின்றுபோயின!

இன்னொன்றும் உண்டு. இளையராஜாவும் ரகுமானும் இசை பயின்றது தன்ராஜ் மாஸ்டர் என்னும் ஒரே ஆசிரியரிடம். தந்தை ஆர்.கே. சேகரை 9 வயதில் இழந்த ரகுமான், குடும்பத்தைத் தாங்குவதற்காகச் சிறுவயதிலேயே கீபோர்டு வாசிக்கப் புறப்பட்டார். அவ்வாறு அவர் வாசித்த குழுக்களுள் இளையராஜாவின் குழுவும் ஒன்று. ஒரே ஊற்றிலிருந்து பிரிந்த இரண்டு வாய்க்கால்களின் கரைகளில் நின்றுகொண்டு நாம் ஒருவர்மீது ஒருவர் கல்லெறிந்துகொள்கிறோம்.

எண்ணிக்கை சொல்வது என்ன?

"பெரும்பான்மையோர் வாக்களித்தால் உண்மை தெரிந்துவிடுமே" என்று சிலர் கூறுவர். 2002இல் பி.பி.சி. உலக சேவை தன் 70ஆம் ஆண்டையொட்டி, உலகின் தலைசிறந்த பாடல் எது என்று உலக மக்களிடம் வாக்குக் கேட்டது. முதலிடம் பெற்றது அயர்லாந்தின் விடுதலை உணர்வுப் பாடல் ஒன்று. அதைப் பாடிய குழுவின் ஆதரவாளர்கள் ஒருவர்க்கொருவர் மின்னஞ்சல் அனுப்பித் திரண்டு வாக்களித்ததே அதற்குக் காரணம். 'தளபதி' படத்தில் இளையராஜா இசையமைத்த பாடல் ஒன்று அதே பட்டியலில் 4ஆம் இடம் பெற்றது. நாம் பெருமைப்பட்டோம், பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் அயர்லாந்துக்காரர்கள் தங்கள் பாட்டுக்கு அணிதிரண்டதைப் பக்கச் சார்பு என்று சொல்லிவிட்டு, தமிழர்கள் வாக்களித்ததை மட்டும் செவிநுட்பம் என்று சொல்ல முடியுமா? நமக்கு ஓர் அளவுகோல், பிறருக்கு ஓர் அளவுகோல் என்பது எந்தத் தராசிலும் நிற்காது.

வாக்கெடுப்பு, ஒரு பாட்டை நேசிப்பவர்கள் எவ்வளவு பேர், எவ்வளவு உறுதியாக நேசிக்கிறார்கள் என்பதைச் சொல்லும். அதுவும் அறியத்தக்கதே. அதற்கு மேல் எதையும் அதனிடம் கேட்கக் கூடாது.

பட்டியலுக்கு வெளியே நிற்பவர்கள்

வாதம் செய்வோர் மறந்துவிடும் மற்றொரு செய்தியும் இருக்கிறது. போட்டியில் நின்றவர்களைப் பற்றியே பேசுகிறோம். போட்டிக்கே அழைக்கப்படாதவர்களை எண்ணுவதில்லை.

திரைப்பட விருது திரைப்படத்துக்குத்தான். ஆகவே இசைமுரசு நாகூர் ஈ.எம். ஹனீபாவின் இஸ்லாமியப் பாடல் ஒலிநாடாக்கள் அந்தப் பட்டியலில் வர வழியில்லை. ஆனால் நோன்புக் காலத்திலும் திருமண வீடுகளிலும் அந்தக் கம்பீரக் குரலைக் கேட்டு வளர்ந்தவர்கள் நம்மவர் மட்டுமல்லர். மாற்றுமதச் சகோதரர் இல்லங்களிலும் அந்த ஒலிநாடாக்கள் இருந்தன. அதே 1992இல் வந்த 'செம்பருத்தி' படத்தில் இளையராஜாவின் இசையில் ஹனீபா பாடியதும், 1997இல் பாலு மகேந்திரா இயக்கிய 'ராமன் அப்துல்லா' படத்தில் மீண்டும் இளையராஜாவின் இசையில் அவர் பாடியதும் இங்கே நினைக்கத்தக்கவை. "எங்கள் ஆள், உங்கள் ஆள்" என்று நாம் கோடு கிழித்துக்கொண்டிருந்தபோது, அவர்கள் ஒரே ஒலிப்பதிவுக் கூடத்தில் கூடிப் பணி செய்தார்கள். 2015 ஏப்ரலில் ஹனீபா மறைந்தபோது அவருக்காக வருந்தியவர்கள் ஒரு சமயத்தார் மட்டுமல்லர். ரகுமானும் 'ரோஜா'வுக்கு முன்பே 'தீன் இசை மாலை' என்னும் இஸ்லாமியப் பாடல் ஒலிநாடாவுக்கு இசையமைத்தவர். அதை முழுதாகக் கேட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்?

காசிமேட்டின் சொந்தச் சொத்தான கானாவும் அப்படித்தான். இறப்பு வீடுகளில் விடிய விடியப் பாடப்பட்ட அந்தப் பாட்டுக்கு எந்தக் குழுவும் விருது எண்ணவில்லை. டோலக்கும் தட்டுவதற்குக் கிடைத்த பொருளுமே அதற்கு இசைக்கருவி. வேலையிடத்தின் வலியையும், பிரிவையும், வாழ்வின் நிலையாமையையும் அது பாடியது. கானாவின் வேர்களைத் தேடுவோர் சித்தர் பாடல்களையும், நம் குணங்குடி மஸ்தான் சாகிபு அவர்களின் பாடல்களையும் சுட்டிக்காட்டுவதுண்டு. தொண்டியை அடுத்த குணங்குடியில் பிறந்து, 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வடசென்னையில் வாழ்ந்து மறைந்த அந்த ஞானியின் தர்கா இராயபுரத்தில், காசிமேட்டுக்கு அருகிலேயே இருக்கிறது. இராயப்பர் பெயரால் விளங்கும் மீனவர்களின் தேவாலயமும் அதே பகுதியில்தான். பாட்டு எந்த வாசலிலிருந்து எந்த வாசலுக்குப் போனது என்று அங்கே யாரும் கணக்கு வைத்ததில்லை.

இன்று நிலை சற்று மாறியிருக்கிறது. 2006இல் வந்த 'சித்திரம் பேசுதடி' படத்தில் மீன்களின் திருமணத்தைச் சொல்லும் கானாவைப் பாடிய கானா உலகநாதன் தமிழகம் முழுவதும் அறியப்பட்டார். 2018 ஜனவரியில் சென்னையில் முதன்முதலாக மேடையேறிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு, கானாவைத் திரைப்படத்துக்கு வெளியே தனி இசையாக நிறுத்திக் காட்டியது. நேற்று பட்டியலுக்கு வெளியே நின்றது இன்று பட்டியலில் இடம் பெறுகிறது. இன்று வெளியே நிற்பது நாளை உள்ளே வரலாம்.

மீன் சந்தை சொல்லும் பாடம்

காசிமேட்டு ஏலத்தில் வஞ்சிரமும் வரும், சங்கராவும் வரும், நெத்திலியும் வரும். "இன்று வந்தவற்றுள் சிறந்த மீன் எது?" என்று கேட்டால் அனுபவமுள்ள பெண்மணி உடனே திருப்பிக் கேட்பார்: "வறுக்கவா, குழம்புக்கா?" விலையில் உயர்ந்தது வஞ்சிரம்தான். ஆனால் நெத்திலிக் குழம்பின் சுவையை வஞ்சிரம் தந்துவிடுமா? எதற்கு என்று கேளாமல் எது என்று சொல்பவர் மீனையும் அறியாதவர், சமையலையும் அறியாதவர்.

பாட்டுக்கும் இதுவே அளவு. மெட்டின் புதுமைக்கா, பாடலின் பொருளுக்கா, குரலுக்கா, வாத்தியச் சேர்க்கைக்கா, கேட்டவர் துயரை ஆற்றியதற்கா? எதற்காகச் சிறந்தது என்று முதலில் சொல்லிவிட்டால் பாதிச் சண்டை அங்கேயே அடங்கிவிடும். மீதிப் பாதி, சண்டையாக இல்லாமல் நல்ல பேச்சாக மாறிவிடும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்

உங்கள் வீட்டில் பிள்ளைகள் இப்படி வாதிடும்போது, "போதும் நிறுத்துங்கள்" என்று அதட்டிவிடாதீர்கள். தாங்கள் நேசிக்கும் ஒன்றுக்காகக் காரணம் தேடிப் பேசும் பிள்ளை சிந்திக்கக் கற்றுக்கொண்டிருக்கிறது. அந்தச் சிந்தனைக்கு வரம்பு கட்டிக் கொடுங்கள், அது போதும்.

எதிர்த் தரப்பின் தொகுப்பை முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறையேனும் கேளாதவன் அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்லக் கூடாது. இது முதல் வரம்பு. தான் விரும்பும் தொகுப்பில் ஒரு குறையையும், எதிர்த் தரப்பின் தொகுப்பில் ஒரு நிறையையும் சொன்ன பிறகே வாதத்தைத் தொடங்க வேண்டும். இது இரண்டாம் வரம்பு. பாடியவரின் பெயரையோ, சாதியையோ, மார்க்கத்தையோ, வாதிடுபவனின் பிறப்பையோ இழுக்கும் சொல் எவர் வாயிலிருந்து வந்தாலும், நம் பிள்ளையின் வாயிலிருந்தே வந்தாலும், பேச்சை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். இது மூன்றாம் வரம்பு.

இந்த மூன்றையும் பாட்டில் பழகிக்கொண்ட பிள்ளை, நாளை ஜமாஅத்தின் கூட்டத்தில் அமரும்போதும், பங்காளிகளின் வழக்கில் நடுவராக இருக்கும்போதும், வாக்குச் சாவடியில் நிற்கும்போதும் அதே பழக்கத்தோடு நிற்கும். தனக்கு வேண்டியவருக்கு எதிராகவும் உண்மை சொல்லும் துணிவு திடீரென்று ஒருநாளில் வந்துவிடாது. சிறுசிறு தீர்ப்புகளில் பழகிப் பழகித்தான் அது வர வேண்டும்.

உங்கள் பிள்ளையை யாரேனும் "அவர் உங்க ஆளு, அதனாலதானே!" என்று கேட்டால், "இல்லை. இரண்டையும் முழுதாகக் கேட்டேன், இதோ காரணங்கள்" என்று நிமிர்ந்து சொல்ல அவனால் முடிய வேண்டும். காரணங்களைக் கேட்ட நண்பன் ஒப்புக்கொள்ளாமல் போகலாம். அதனால் என்ன? அடுத்த ஆண்டும் பாடல்கள் வரும், வாதம் தொடரும். நட்பு இருந்தால்தானே வாதிடுவதற்கு ஆள் இருக்கும்!

வல்ல அல்லாஹ் நம் செவிகளுக்குப் பொறுமையையும், நாவுகளுக்கு நீதியையும் அருள்வானாக! வஸ்ஸலாம்.